பேரிகேட் அங்கிள் அளந்த இருபது அடி

கலிபோர்னியாவின் மேற்கு ஓக்லண்டில் போலீசுக்குப் பயப்படாதவர்களைப் பார்த்திருக்கிறேன். பேரிகேட் அங்கிளுக்குப் பயப்படாத ஒரு ஜீவனை, அந்தத் தெருவில் குடியிருந்த ஆறு வருடத்தில் நான் பார்த்ததே இல்லை.

அவர் ஓய்வுபெற்ற எலெக்ட்ரிகல் இன்ஜினியர். தனிக்கட்டை. கதவைத் திறந்துவிட்டால்கூட 'தேங்க்ஸ்' சொல்லும் சாது. ஆனால் ஜூலையில் ஒரு சனிக்கிழமை, தெருத் திருவிழா அன்று மட்டும் சர்வாதிகாரி ஆகிவிடுவார். காலை ஆறு மணிக்குத் தெருவின் இரு முனையிலும் பேரிகேட் தடுப்புகளை வைத்தால், மாலை நாலு மணி வரை ஒரு சைக்கிள்கூட உள்ளே வராது. பிரார்த்தனை செய்ய வந்த பாஸ்டரின் காரையே திருப்பி அனுப்பியவர் அவர். குடிவந்த முதல் வருடம், மாமியாரை அழைத்துவர ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டும் என்று கெஞ்சினேன்.

"மாமியார்தானே? நாலு மணிக்கு ஓபன் பண்றேன், போய்க்கோ."

என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவரோடு பேசினாள்.

அது கறுப்பின மக்களின் பழைய தெரு. ரயிலிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர்கள் குடியேறிய வீடுகள். திருவிழாக் கமிட்டித் தலைவி மிஸ் லொரெய்ன், எண்பதைத் தாண்டியவர், அங்கேயே பிறந்தவர். வாடகை ஏறி ஏறிப் பாதிக் குடும்பங்கள் ஸ்டாக்டன், ஆன்டியாக் என்று தொலைவான ஊர்களுக்குப் போய்விட்டன. ஏறியதற்கு என்னைப் போன்ற ஐ.டி. ஆட்கள் வந்து குவிந்ததும் ஒரு காரணம், அதை மறைப்பானேன். போனவர்கள் எல்லாரும் பழைய வீட்டு வாசலில் வந்து நிற்பது வருடத்தில் அந்த ஒரு நாள்தான்.

ஒரு வருடம் அதற்கும் ஆபத்து வந்தது. முனையில் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். தீயணைப்பு வண்டி போக நடுவில் இருபது அடி வழி இருக்க வேண்டும், ஒரு அங்குலம் குறைந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுவோம், இனி அனுமதியும் கிடையாது என்று நகராட்சி சொல்லிவிட்டது. காலை ஒன்பதரைக்குத் தீயணைப்புத் துறை இன்ஸ்பெக்டர் வருவதாக ஏற்பாடு.

வழியை அளப்பது அங்கிளின் பொறுப்பு. அதற்கு அவர் டேப்பைத் தொடமாட்டார். டேப் நடுவில் தொய்யுமாம், பொய் சொல்லுமாம். காலமான அவர் மனைவியின் பாலியெஸ்டர் சேலை ஒன்றுதான் அவருக்கு அளவுகோல். முந்தானையிலிருந்து மறுமுனை வரை இருபது அடி ஐந்து அங்குலம், வருடா வருடம் அதே. அந்தச் சேலை அந்த வருடம் நடுவில் கிழிந்துவிட்டது. என் மனைவியிடம் ஒரு சுங்குடிச் சேலையை வாங்கிக்கொண்டார். நான் ஒரு முனை, அவர் ஒரு முனை. சாக்பீஸால் கோடு போட்டோம். கோட்டை ஒட்டி தேவாலயப் பாடகர்களின் மேடை, டாமினோ மேசைகள், விடியற்காலையிலிருந்தே ரிப்ஸ் இறைச்சி வெந்துகொண்டிருந்த பெரிய இரும்பு அடுப்பு எல்லாம் வரிசையாக நின்றன.

ஒன்பது மணிக்குக் காபியோடு வந்த என் மனைவி சேலையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அங்கிள், இதுல ப்ளவுஸ் பீஸ் கட் பண்ணி தெச்சாச்சே. நீங்க எதை வச்சு அளந்தீங்க?"

கிழிந்த சேலையில் ரவிக்கைத் துண்டு வெட்டப்படாமல் இருந்தது. இதில் இல்லை. வழி இரண்டரை அடி குறைச்சல். அவர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"முடிஞ்சுதுப்பா. இந்தத் தெருவை நானே ஒரேயடியா மூடிட்டேன்."

மிஸ் லொரெய்னிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், மைக்கைப் பிடித்தார், வலது பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் மூன்றடி பின்னால் போங்கள் என்றார். நான் ஓடிப்போய் மூன்றடி தள்ளி இன்னொரு கோடு போட்டேன். பாடகர்கள் மேடையைத் தூக்கினார்கள். டாமினோ ஆடிய நாலு பெரியவர்கள் ஆட்டத்தை நிறுத்தாமலே மேசையோடு நகர்ந்தார்கள், போகிற வழியில் ஒருவர் ஜெயித்தும்விட்டார். அடுப்பு மட்டும் அசையவில்லை. சக்கரம் துருப்பிடித்து இறுகியிருந்தது, கை வைத்தால் பொசுக்கும் சூடு.

அங்கிள் எழுந்தார். சேலையைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, முறுக்கி, அடுப்பின் காலில் கட்டினார். சேலைக்குச் சொந்தக்காரி என் மனைவியும் ஒரு கை பிடித்தாள். பன்னிரண்டு பேர் பிடித்து இழுத்தோம். அரை அடி வந்தது. அதற்குள் முனையில் சிவப்பு வண்டி தெரிந்தது.

சேலைக் கயிற்றை எங்களிடம் விட்டுவிட்டு அங்கிள் ஓடினார். இன்ஸ்பெக்டர் தடுப்பைத் தள்ளச் சொன்னார். உள்ளே வண்டிக்கு அனுமதி இல்லை, அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள் என்றார் அங்கிள். தீயணைப்புத் துறையிடமே. அந்த மனிதர் வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றிய ஆறு நிமிடத்தில் அடுப்பு சுவரோரம் போய்ச் சேர்ந்தது.

இன்ஸ்பெக்டர் அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு நடந்தார். அடுப்புக்கு எதிரே நின்றார், குனிந்து படித்தார். இருபது அடி இரண்டு அங்குலம். கையெழுத்துப் போட்டார். இரண்டு கோடு எதற்கு என்று கேட்டார். முதல் கோடு நான் தப்பாகப் போட்டது, வயதாகிவிட்டது என்றார் மிஸ் லொரெய்ன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

இன்ஸ்பெக்டர் போனதும் அங்கிள் நேராக மைக்குக்குப் போனார். தப்பு என்னுடையது, மிஸ் லொரெய்னுடையது அல்ல என்று தன் கரகரத்த ஆங்கிலத்தில் சொன்னார். அவர் வாயிலிருந்து தப்பு என்ற வார்த்தை வந்ததை அந்தத் தெரு அன்றுதான் கேட்டது. மிஸ் லொரெய்ன் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், ஆன்டியாக்கிலிருந்து வந்திருந்த தன் குடும்பத்துக்கு நடுவே உட்கார வைத்தார். கையில் தட்டு, மடியில் யாருடைய குழந்தையோ.

மதியம் முழுக்கத் தடுப்பில் நான் நின்றேன். மூன்று கார்கள் வந்தன. ஒருவர் ஏர்போர்ட் என்றார். நானே திருப்பி அனுப்பினேன், அங்கிளைக் கூப்பிட மனம் வரவில்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் குடும்பத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கட்டும் என்று இருந்தது.