நின்றுபோனதற்கான சான்று

வாங்க ஆளில்லாமல்தான் வார இதழ்கள் நின்றுபோகின்றன என்று நன்றாகப் படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது பிழை. அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிடக்கூடிய சிறு பிழையும் அல்ல. வாங்க ஆளில்லாத இதழ் எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் நடக்கும். அதற்குத் தேவை பிடிவாதமும் கொஞ்சம் தாளும்தான். ஓர் இதழ் உண்மையில் நின்றுபோவது, ஜனங்கள் அதை மனமார நேசிக்கத் தொடங்கும்போது.

இந்த உண்மை கமா சாருக்கு ஐம்பத்தெட்டாம் வயதில் தெரியவந்தது.

கமா சார் ஒரு வார இதழின் உதவி ஆசிரியர். ஆசிரியர் ஓய்வுபெற்று ஆறு வருடங்கள் ஆகியும் அந்த நாற்காலிக்கு யாரும் வரவில்லை. ஆகவே யாருக்கு உதவுகிறோம் என்பது தெளிவாகாமலே உதவிக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடங்கள் புரூஃப் திருத்தியதில், பேசும்போதும் கமா, அதாவது காற்புள்ளி, விழவேண்டிய இடங்களில் மட்டுமே மூச்சு விடுவார். பெயர் அப்படி வந்ததுதான். கீழே அச்சு மெஷின், மேலே ஒரே அறை, அறைக்குள் இரண்டு மேசைகள். ஆடிய மேசைக்கு முட்டுக் கொடுத்திருந்தது பொன்விழா மலர்.

ஐம்பத்து மூன்று ஆண்டுகளில் அந்த இதழ் ஒரு வியாழக்கிழமைகூடத் தவறியதில்லை. ஒரு காலத்தில் லட்சத்தைத் தொட்ட விற்பனை இப்போது நானூற்றுப் பன்னிரண்டு. முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"வருஷக் கடைசிக்குள்ள ஐந்நூறு பிரதிக்கு ஆள் காட்டுங்க கமா. இல்லைன்னா மெஷின் ரூமைச் சலவைக் கடைக்கு விட்டுடறேன். அவங்க மெஷின் சத்தம்கூடக் கம்மி."

ஆக, கமா சாருக்கு எண்பத்தெட்டு வாசகர்கள் தேவைப்பட்டார்கள். நாற்பத்தோராயிரம் பேர் இருக்கும் இடமும் அவருக்குத் தெரியும். அது அவருடைய மச்சினன் நடத்திய இணையக் குழு. பழைய வார இதழ்களின் அட்டைகளைப் போட்டு, பார்த்து, உருகுவதற்கென்றே ஏற்பட்ட குழு. அதில் ஒரு நாள் கமா சாரின் இதழுடைய முப்பது வருடத்துக்கு முந்தைய அட்டையைப் போட்டு, 'இன்று இது நம்மிடையே இல்லை' என்று எழுதியிருந்தார்கள். ஆறாயிரத்து முந்நூறு பேர் கண்ணீர் வடித்திருந்தார்கள்.

கமா சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு திருத்தம் எழுதினார். 'மேற்படி இதழ் நிற்கவில்லை. சென்ற வியாழன்கூட வந்தது.'

உடனே ஒருவர் பதில் எழுதினார். 'எவ்வளவு அழகாகச் சொன்னீர்கள் ஐயா! நம் மனங்களில் ஒவ்வொரு வியாழனும் வந்துகொண்டுதான் இருக்கிறது.'

'மனத்தில் அல்ல. பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையில்' என்று எழுதினார் கமா சார்.

'ஆமாம், அந்தக் கடை! கண் கலங்கிவிட்டது' என்றார் இன்னொருவர். இருநூறு இதயங்கள் விழுந்தன. மூன்றாமவர் மட்டும் கொஞ்சம் கறார்ப் பேர்வழி. 'இப்போது வருவது போலியாக இருக்கும். நான் உண்மையான வாசகன். நாற்பது வருடமாக அதை வாங்காமல் இருக்கிறேன்.'

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் சாப்பிட வந்தபோது கமா சார் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, நாற்பத்தோராயிரம் பேர்ல, ஒரு எண்பத்தெட்டு பேர், சந்தா கட்டக்கூடாதா?"

"அத்தான், அவங்க உங்க இதழ் மேல உயிரையே வெச்சிருக்காங்க. அவங்ககிட்டப் போய் வாங்குங்கன்னு சொன்னா எவ்வளவு கொச்சையா இருக்கும்?"

"நீ கடைசியா, எப்ப வாங்கின?"

"நான் ஏன் வாங்கணும்? அதான் அக்கா வீட்டுக்கு வருதே."

"வருது, வருது" என்றாள் அந்த அக்கா, அதாவது கமா சாரின் மனைவி, சமையலறையிலிருந்து. "மிக்ஸிக்கு அடியில போட்டா ஆடாம நிக்குது. குறை சொல்லக்கூடாது."

மச்சினனுக்கும் கொஞ்சம் மனசு இளகத்தான் செய்தது. கைகழுவிக்கொண்டே ஒரு வழி சொன்னான். அச்சிதழ் நினைவுப் பேணல் வாரியம் என்று புதிதாக ஒன்று ஏற்பட்டிருக்கிறது. அந்த வாரியம் அங்கீகரித்தால், ஐந்நூறு நூலகங்கள் அந்த இதழை வாங்கிவைத்தே ஆகவேண்டும்.

ஐந்நூறு என்ற சொல்லைக் கேட்டதும் கமா சார் மூச்சு விட மறந்தார்.

வாரியத்தின் பிரிவு அலுவலர் தங்கமான மனிதர். இதழின் பெயரைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"இந்த இதழா! எங்க அப்பா வாங்குவார் சார். வீட்டுக்குள்ள யார் முதல்ல படிக்கறதுன்னு எனக்கும் அக்காவுக்கும் அடிதடியே நடக்கும். இதோ பாருங்க தழும்பு." தழும்பைக் காட்டிவிட்டு மனுவைப் புரட்டினார். "ஒன்பதாம் பத்தி காலியா இருக்கே. நின்றுபோன தேதி?"

"நிக்கலையே சார்."

அலுவலரின் பேனா நின்றது. "நிக்கலையா?"

"போன வியாழன்கூட வந்திருக்கு. இதோ, பாருங்க."

அலுவலர் அதைத் தொடவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முதல்ல அதைப் பைக்குள்ள வைங்க. யாராவது பார்த்தா உங்க மனு தள்ளுபடி ஆயிடும்."

"ஏன் சார்?"

"நடந்துக்கிட்டிருக்கறதை எப்படி சார் நினைவு கூரமுடியும்? எதிர்ல உட்கார்ந்து காப்பி குடிக்கிற மனுஷனை நினைச்சு யாராவது விம்முவாங்களா?"

"நடப்பு இதழுக்குன்னு, தனிப் பிரிவு இல்லையா?"

"இருந்தது. மூணாவது மாடி. நடப்பு இதழ் எதுவும் இல்லைன்னு அவங்களே அறிக்கை கொடுத்தாங்க. பிரிவை எடுத்துட்டோம்."

"நாங்க இருக்கோமே!"

"அதை அந்தப் பிரிவுல சொல்லியிருக்கணும்."

"பிரிவுதான் இல்லையே."

"அதனாலதான் சார் சொல்ல முடியாமப் போச்சு" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார் அலுவலர். பிறகு, இதழின் மீதிருந்த பழைய பாசத்தால், விதிக்கு உட்பட்டே ஒரு யோசனை கொடுத்தார். ஒரே ஒரு வாரம் நிறுத்தினால் போதும். நின்றுபோனதற்கான சான்று வாங்கிவிடலாம். "ஆனா வாசகர்களுக்கு அறிவிப்பு எதுவும் கூடாது. அறிவிப்பு போடறதுக்கு ஆள் இருந்தா அது நின்ன இதழ் இல்லை."

கமா சார் மெஷின்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். மெஷின்காரர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி யோசித்தார்.

"நிறுத்தறது பெரிய விஷயமில்லை சார். மறுபடி ஓடணும்னு அதுக்குத் தோணணுமே. அதுவும் வயசான மெஷின். உங்களை மாதிரிதான், ஒரு வாரம் படுத்தா பழகிடும்."

அந்த வியாழக்கிழமை இதழ் வரவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் கூப்பிட்டுத் திட்டப்போகிறார்கள் என்று எதிர்பார்த்து, பதில்களை ஒரு தாளில் எழுதிவைத்திருந்தார் கமா சார். சனிக்கிழமை ஒரே ஓர் அழைப்பு வந்தது. பழைய பேப்பர்க்காரர். "என்ன சார், இந்த வாரம் விக்காத கட்டு வரலை? எல்லாம் வித்துடுச்சா?" என்று கேட்டார். குரலில் நம்பிக்கை இல்லை.

இதில் வாசகர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. வியாழக்கிழமை கடந்துபோனது கமா சாருக்கே வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் உறைத்தது. அதற்கு முந்தைய நாள் முழுக்க அவர் மச்சினனின் குழுவில் பழைய அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சான்று பத்தே நாளில் வந்தது. 'மேற்படி இதழ் ஐயத்திற்கிடமின்றி நின்றுபோயுள்ளது எனவும், அதன்பால் பொதுமக்கள் கொண்டுள்ள அன்பு இத்தேதி முதல் முறைப்படுத்தப்படுகிறது எனவும் இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது' என்று மூன்று முத்திரைகள்.

நினைவு விழாவுக்கு மண்டபம் கொள்ளவில்லை. வாசலில் ஒரு கடையில் அச்சு மை வாசனையைச் சின்னப் புட்டிகளில் அடைத்து வைத்திருந்தார்கள். இளைஞர்கள் காதுமடலில் அடித்துக்கொண்டார்கள். இதழைப் பின் அடிக்கும் கம்பியைக் கம்மலாகப் போட்டிருந்தாள் ஒரு பெண். கமா சார் பையிலிருந்த கடைசி இதழை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"ஐயோ அங்கிள், இது புதுசா இருக்கே!"

"படிச்சுப் பாரும்மா."

"படிக்கறதா? இருங்க." அவள் அதை வாங்கிக்கொண்டுபோய், தேநீர்த் தண்ணீர் நிரப்பிய தொட்டி ஒன்றில் முக்கி எடுத்து, காயவைத்துக் கொண்டுவந்தாள். நாற்பது வருடம் பழசாகியிருந்தது. "இப்ப பாருங்க, எவ்வளவு உசிரா இருக்கு!"

மேடையில் 'முன்னாள் உதவி ஆசிரியர்' என்று கமா சாரைக் கூப்பிட்டார்கள். பேசப்போனவர் அழுதுவிட்டார். கைதட்டல் ஓய ஐந்து நிமிடம் ஆயிற்று. இருபத்தாறு வருட உழைப்பில் அவருக்கு இவ்வளவு பெரிய கைதட்டல் கிடைத்ததில்லை. அழுகையை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. மேடையிலேயே அவரை அந்த இதழின் நினைவுக் காப்பாளராக நியமித்து, அடையாள அட்டை மாட்டிவிட்டார்கள்.

நூலகங்கள் வாங்கியது உண்மைதான். ஐந்நூறு கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் கடைசி இதழின் ஒரு பிரதி, நான்கு பக்கமும் சீல். முதலாளி அந்த ஆர்டரைக் கணக்கில் சேர்க்க மறுத்துவிட்டார்.

"இது ஒரு தடவை போற பெட்டி. வாரா வாரம் ஐந்நூறு பேர் வேணும்னேன். சலவைக் கடைக்காரர் அளவெடுத்துட்டுப் போயிட்டார் கமா."

கமா சார் வாரியத்துக்கு ஓடினார். "சார், சான்று கிடைச்சாச்சு. இனி, இதழை ஆரம்பிச்சுக்கறோம்."

பிரிவு அலுவலர் பதறிப்போனார். "என்ன சார் நீங்க! இப்பதான் எல்லாரும் அழுது முடிச்சிருக்காங்க. நினைவை நடப்புக்குக் கொண்டுவர விதியே இல்லை."

இருபத்தாறு வருடங்களில் கமா சார் எந்த விதியையும் மீறியதில்லை. இலக்கண விதி உட்பட. ஆனால் நின்ற இதழில் ஒரு தொடர்கதை பாதியில் நின்றிருந்தது. கதாநாயகி பூட்டிய அறைக்குள் யாரோ இருமுவதைக் கேட்டிருந்தாள். அடுத்த அத்தியாயம் புரூஃப் திருத்தி மேசைமேல் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் முற்றுப்புள்ளி விட்டுப்போன வாக்கியத்தைப் பார்த்ததுபோல அவருக்குக் கை அரித்தது. நாலாம் வாரம் மெஷின்காரரும் அவரும் சேர்ந்து மெஷினை ஓட்டினார்கள். அது இருமியது, சிணுங்கியது, ஓடியது. வியாழக்கிழமை நானூற்றுப் பன்னிரண்டு பிரதிகள் வெளியே போயின.

வெள்ளிக்கிழமையே புகார் வந்துவிட்டது. 'எங்கள் உயிரினும் மேலான, நின்றுபோன இதழின் பெயரில் யாரோ ஒரு விஷமி தொடர்ந்து இதழ் நடத்த முற்பட்டிருக்கிறார்.' நாலாயிரம் பேர் ஒப்பமிட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து மச்சினனுடையது.

"தனிப்பட்ட முறையில எதுவும் இல்லை அத்தான்" என்றான் அவன். "குழு நிர்வாகின்னா ஒரு பொறுப்பு இருக்கில்லையா?"

"எந்தப் பக்கம், தப்புன்னு சொல்லு."

"நான் எங்க படிச்சேன்?"

விதிப்படி புகார் நினைவுக் காப்பாளரின் விசாரணைக்கு வந்தது. கமா சார், கமா சாருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார். மூன்று நாளில் பதில் வராததால் நினைவூட்டலும் அனுப்பினார். பதில் வந்தது. படித்துப் பார்த்து, இரண்டு இடங்களில் காற்புள்ளி சேர்த்து, 'பதில் திருப்திகரமாக இல்லை. நடை நன்றாக இருக்கிறது' என்று குறித்து மேலே அனுப்பினார். நானூற்றுப் பன்னிரண்டு பிரதிகளும் கடைகளிலிருந்து வாரியத்துக்குப் பறிமுதல் செய்யப்பட்டன. அதில் சிரமம் ஒன்றும் இருக்கவில்லை. எல்லாம் கட்டுப் பிரிக்காமலே இருந்தன.

பறிமுதல் அறை என்று வாரியத்தில் எதுவும் கிடையாது. கட்டுகளைக் காத்திருப்போர் பெஞ்சுகளில் வைத்தார்கள். அங்கே இணையம் எடுக்காது, வரிசையோ நகராது.

அடுத்த புதன்கிழமை பிரிவு அலுவலரே கமா சாரைக் கூப்பிட்டார்.

"சார், உங்க மேல நடவடிக்கையில ஒரு சட்டச் சிக்கல். ஒரே ஒரு இதழ் வந்தா அது தற்செயல். தொடர்ந்து நடத்தினாத்தான் குற்றம். அதனால..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அடுத்த இதழ் எப்ப வருது?"

"நாளைக்கு, வரணும்னா வரும்."

"வரணும். ஆதாரத்துக்குத்தான். மேசைக்கு ஒரு பிரதி வேணும். எங்க வாரியத்துல நூற்றுப் பத்து மேசை இருக்கு. அதைத் தனியா அடிச்சுடுங்க."

"எத்தனை வாரத்துக்கு, ஆதாரம் தேவைப்படும்?"

"அது..." அலுவலர் குரல் இன்னும் இறங்கியது. "அந்த ரூம்ல இருமறது யாருன்னு தெரியற வரைக்குமாவது தேவைப்படும் சார்."

முதலாளி கணக்குக் கேட்டபோது கமா சார் பறிமுதல் ரசீதுகளைக் காட்டினார். வாரம் ஐந்நூற்று இருபத்திரண்டு. முதலாளி இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, சலவைக் கடைக்காரரிடம் வேறு இடம் பார்க்கச் சொன்னார்.

ஆதாரம் சேரத் தொடங்கிய ஐந்தாவது வாரம் நினைவுக் காப்பாளர் என்ற முறையில் கமா சார் ஆதாரங்களைச் சரிபார்க்கப் போனார். பதிவேட்டில் இருந்ததைவிட ஒன்பது பிரதிகள் குறைவாக இருந்தன. மீதியில் எழுபத்து மூன்றில் தொடர்கதைப் பக்கத்தை யாரோ அளவுகோல் வைத்து ஒழுங்காகக் கிழித்து எடுத்திருந்தார்கள்.