சிபின் சின்ன வகுப்பிலேயே இருக்கிறான்

அமரவிளை

அன்பும் மரியாதையும் மிக்க செல்லபாய் அக்காளுக்கு, தம்பி ராஜதாஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் மினியும் பிள்ளையும் சுகம். சுகம் என்றால் காய்ச்சல் இல்லை, அவ்வளவுதான். வெள்ளறடையில் அத்தானுக்கு முட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டே நீங்கள் சொன்னீர்கள்: "எலே, பெஞ்சில இருந்த பிள்ளையள எல்லாம் மேல ஏத்தப்பிடாது. படிச்சதுகளத்தான் ஏத்தணும். நான் டீச்சராக்கும், எனக்குத் தெரியாதா?" சபையின் ஞாயிறு பள்ளிக்குத் தலைவனான நான் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. இனி வருகைக்குப் பரிசு இல்லை, யோசேப்பின் கதையைச் சொந்த வாயால் சொல்லுகிறவர்களுக்கே பெரிய வகுப்பு, மற்றவர்கள் வயது பாராமல் சின்ன வகுப்பு என்று சட்டம் போட்டு, நானே கேள்வி கேட்க உட்கார்ந்தேன். எட்டு வயது நந்தனா கடகடவென்று ஒப்பித்துவிட்டுப் பெரிய வகுப்பில் போய் அமர்ந்தாள். அது நான் நடத்தும் வகுப்பு, ஈ பறந்தால் கேட்கும். அடுத்தது என் மகன் சிபின். பன்னிரண்டு வயது, ஒரு ஞாயிறும் தவறாதவன். வீட்டில் நாங்கள் சோறு தின்பதே அவன் வருகைப் பரிசாக வாங்கிய சில்வர் தட்டுகளில்தான். யோசேப்பு யார் என்றேன். என் முகத்தையே பார்த்தான், வாய் திறக்கவில்லை. சட்டம் சட்டம்தானே என்று சபையார் பார்க்கச் சின்ன வகுப்புக்கு அனுப்பினேன். குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தான்.

அன்று மினி என் முன்னால் தட்டை வைத்து, "பிள்ளையத் தோப்பிச்சாச்சுல்லா, இனி அவன் வாங்கின தட்டில வயிறு நிறைய தின்னுங்க" என்றாள்.

போன வாரம் மறுபடி சோதித்தேன். சின்ன வகுப்புப் பொடிசுகள் எல்லாம் யோசேப்பைக் குழியில் தள்ளியது முதல் அண்ணன்மார் அழுதது வரை நடித்தே காட்டின. யார் சொல்லித்தந்தது என்றால், "சிபின் அண்ணன்!" அத்தனையும் மேலே ஏறிவிட்டன. சிபின் மறுபடியும் என் முகத்தையே பார்த்தான். இப்போது சின்ன வகுப்பில் அவன் மட்டும்தான். நான் கேட்டால் பிள்ளைக்கு நாக்கு எழவில்லை போலும். செய்தது தப்பு அக்கா. வருகிற ஞாயிறு நீங்கள் வந்து கேளுங்கள், உங்களிடம் சொல்லுவான்.

அத்தானுக்கு என் ஸ்தோத்திரம். உங்கள் வீட்டையும் தென்னை விளையையும் கர்த்தர் காப்பாராக.

அன்புத் தம்பி,
ராஜதாஸ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் சிபினைக் கூப்பிட்டு, "வெள்ளறடை மாமி வாறா மக்கா, பயப்படாம சொல்லு" என்றேன். "மாமி வராண்டாம் அப்பா. அவிய கேட்டா நான் சொல்லிருவேன். பின்ன உங்க கிளாஸிலல்லா வந்து இருக்கணும்" என்றான். ஆகையால் நீங்கள் வர வேண்டாம். பெரிய வகுப்பு நடத்த நல்ல ஆள் உங்கள் பக்கம் யாரேனும் உண்டா என்று மட்டும் விசாரியுங்கள்.