பிள்ளையார் சுழி போட்டதால் வந்த வினை

‘கணினித் துணுக்குகள்’ பகுதி ஆசிரியர் அவர்களுக்கு, திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையிலிருந்து ஓய்வு பெற்ற ரயில்வே குமாஸ்தா சிவப்பிரகாசம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான்.

என் மகள் சௌமியா வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் வேலை பார்ப்பவள். கணினியில் இடமில்லை என்று நாலு நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். போன கிருத்திகைக்கு அவள் தன் அம்மாவோடு மலைக்குப் போயிருந்தபோது, தங்கள் பத்திரிகையில் வந்த இரண்டு வரிக் கட்டளையை நானே அடித்து உதவலாமென்று உட்கார்ந்தேன். முதல் வரி, பழைய கோப்புகள் இருக்கும் ஃபோல்டருக்குள் போகச் சொல்வது. இரண்டாவது வரி, rm -rf *, நிற்கிற இடத்தில் இருப்பதையெல்லாம் கேள்வி கேட்காமல் அழிப்பது. முப்பத்திரண்டு வருஷம் அரக்கோணத்தில் ஒரு ரசீதைக்கூடப் பிள்ளையார் சுழி இல்லாமல் எழுதாதவன் நான். ஆகவே முதல் வரியிலேயே, கட்டளைக்கு முன்னால் ஒரு ‘உ’ போட்டு, இரண்டையும் சேர்த்து ஓட்டினேன். ‘உ’ என்று ஒரு கட்டளையே கிடையாது என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்த இயந்திரம், ஃபோல்டருக்குள் போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, இரண்டாவது வரியை மட்டும் சிரத்தையாக நிறைவேற்றிவிட்டது. மகளின் வேலை மொத்தமும் போயிற்று. என் சர்வீஸில் எந்தச் சிப்பந்தியும் இவ்வளவு கீழ்ப்படிந்ததில்லை.

சௌமியா நெற்றி நிறைய விபூதியோடு வந்து பார்த்தாள். கத்தவில்லை. “இன்னா நைனா பண்ண?” என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். “ரெண்டு வரிக்கும் நடுவுல && போட்டிருந்தா, மொதல் வரி ஓடலன்னா அடுத்தது ஓடாம நின்னுடும். பரவால்ல, உடு.”

“ஆபீஸ்ல இன்னா சொல்வாங்க?”

“நான் பாத்துக்கறேன். நீ சாப்டு.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி எல்லம்மாள் பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டைத்தான் சத்தமாக வைக்கிறாள். மகளுக்கு என்னால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, ஐயா. எனவே அந்த && குறியை அச்சிடாமல் விட்ட குற்றத்தை ஒப்புக்கொண்டு, தவறு பாதி பத்திரிகையுடையது, பாதி அப்பனுடையது, பெண் ஒன்றும் அறியாதவள் என்று அவள் மேலதிகாரிக்கு முத்திரையோடு ஒரு கடிதம் எழுதக் கோருகிறேன்.

தணிகை முருகன் தங்கள் வீட்டுக் கணினிகளுக்கு ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
சிவப்பிரகாசம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது, சௌமியாவோடு வேலை பார்க்கும் பிரியங்கா போன் செய்தாள். மகள் குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். “அங்கிள், அவளுக்கு வேற வேல எதுனா கெடச்சுதா?” என்றாள். ஆள் குறைப்பில் என் மகளை நிறுத்தி நாற்பது நாள் ஆகிறதாம். தினமும் ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் எழுதியதெல்லாம் வேலை கேட்டு விண்ணப்பங்களாம். நான் அழித்தது அவற்றைத்தான். மேலதிகாரிக்குக் கடிதம் வேண்டாம், ஐயா. இப்போது மறுபடி கதவைச் சாத்தியிருக்கிறாள். பதினோரு மணிக்கு நான் காபி கொண்டுபோய், ஆபீஸ் வேலை எப்படிப் போகிறது என்று வழக்கம்போல் கேட்க வேண்டும்.