மிச்சத்தண்ணி அக்கா வீட்டில் என் அம்மா

கிரிவலம் வருகிற பக்தர்களை வழிமறித்துத் தண்ணீர் வசூலித்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து எங்கள் மிச்சத்தண்ணி அக்காதான். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. பௌர்ணமி சாயங்காலம் பக்கெட்டோடு கேட்டருகே நின்றுவிடுவார்.

"ஏங்க, பாட்டில்ல பாதித் தண்ணி கெடக்குதே, எங்க கடாசப் போறீங்க? இதுல ஊத்திட்டுப் போங்க, செடிங்க குடிக்கும்."

மோட்சம் தேடி நடக்கிறவர்கள் மிரண்டுபோய் ஊற்றுவார்கள். அதையும் ஒரு வேண்டுதல் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு.

அக்கா வீட்டில் எந்தச் செடிக்கும் செடியின் பெயர் கிடையாது. கொடுத்தவர் பெயர்தான். "கீழ்பென்னாத்தூர் சித்தப்பாவுக்கு மாவுப்பூச்சி ஜாஸ்தியாயிடுச்சு" என்று கவலைப்படுவார். சித்தப்பா ஒரு செம்பருத்தி. போஸ்ட்மேன் என்பது கொய்யா மரம். அதில் பாதியைக் குரங்குகளுக்கென்று ஒதுக்கிவிட்டு, மீதிப் பாதிக்கு வருகிற குரங்குகளோடு மட்டும் சண்டை போடுவார்.

ஒருமுறை முன்கேட்டுக் கம்பியில் தேன்சிட்டு கூடு கட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவர் மகளைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

"கேட்டத் தொடாதீங்க, குஞ்சு இருக்குது! அப்படியே சுத்திக்கினு பின்னாடி வாங்க!"

பட்டுப்புடவைகள் எங்கள் மாட்டுக்கொட்டகை வழியாக உள்ளே போயின. மாப்பிள்ளையின் அம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் கல்யாணம் நடந்தது. இன்று அந்தச் சம்பந்தியம்மாளும் தோட்டத்தில் ஒரு ரோஜாவாக இருக்கிறார். முள் கொஞ்சம் ஜாஸ்தி.

என் அம்மா கொடுத்தது ஒரு குண்டுமல்லி. அம்மா போன பிறகு வீட்டை விற்றோம். வாங்கியவர்கள் கார் நிறுத்தச் சிமெண்ட் போட்டதில் எங்கள் வீட்டு மல்லி போய்விட்டது. சென்னை பிளாட்டில் நான் வாங்கி வைத்த எந்த மல்லியிலும் அந்த வாசனை இல்லை. அந்த வாசனைக்காக அப்படி ஏங்கிப்போனேன். போன வருஷம் ஊருக்குப் போய், அக்காவிடம் ஒரு கிளை கேட்டேன்.

"தாராளமா தரேன் தம்பி. ஆனா நான் குடுத்தா அது என் பேருதான். அம்மா இங்கதான் இருப்பாங்க."

"அக்கா, எனக்கு அம்மாதான் வேணும்."

சட்டத்தை ஒருநாளும் தளர்த்தாத அக்கா, கையிலிருந்த பக்கெட்டைக் கீழே வைத்தார்.

"அப்ப அவங்ககிட்டயே கேட்டு எடுத்துக்கோ. நான் அந்தாண்ட திரும்பி நிக்கிறேன்."

திரும்பி நின்றுகொண்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இன்று காலை என் பால்கனியில் அம்மா பூத்திருந்தாள். ஆபீஸ் பாட்டிலில் தினமும் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறேன். அம்மாவுக்கு ஊற்றும்போதெல்லாம் அக்கா ஞாபகம்தான்.