கம்பளிக்குக் கழிவு இல்லை

மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலியில் இறங்கிக் கம்பளி மிதித்துத் துவைப்பதில்லை என்று நான் சபதம் எடுத்திருந்தேன். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். இது நிர்வாகப் பிரச்சினை. நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. பெண்கள் பறித்து வரும் கொழுந்தை மடுவம் என்கிற கொட்டகையில் தராசில் போட்டு நிறுத்து, சாக்குக்கு இவ்வளவு, மழைத் தண்ணிக்கு இவ்வளவு, முத்தல் இலைக்கு இவ்வளவு என்று எடையில் கழிவு போட்டுவிட்டு, மிச்சத்தைப் பதிகிறவன். என்னைக் கண்டால் மலையே நடுங்கும். குளிராலும் நடுங்கலாம், அதை நான் விசாரிக்கவில்லை. அப்படிப்பட்டவன், அந்தப் பெண்கள் தண்ணீர் பிடிக்கிற பீலியிலேயே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பளி மிதித்தால், திங்கட்கிழமை தராசுகூட என்னை மதிக்காது.

என் மனைவி ஜீவராணிக்கு இந்தத் தத்துவம் புரியாது. அவளும் கொழுந்து பறிப்பவள்தான். அவள் சாக்கையும் நான்தான் நிறுக்கிறேன். பெண்டாட்டி என்று பார்க்காமல் கழிப்பேன். நீதி என்றால் நீதி. அன்றைக்கு ராத்திரிக் குழம்பில் உப்பும் நீதியாகவே விழும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில் என்று ஒரு வாரம் முன்பே வானிலை அறிக்கையில் சொன்ன அன்றே வீட்டில் கம்பளிப் பேச்சு கிளம்பிவிட்டது. அன்றே நானும் திட்டம் போட்டுவிட்டேன். ஞாயிறும் வந்தது, வெயிலும் வந்தது. எழுந்து பார்த்தால் வீட்டுக் கம்பளியெல்லாம் நடு அறையில் மூட்டையாகக் கிடக்கிறது.

"என்னங்க, எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு. கம்பிளிய நீங்கதான் மிதிக்கணும்."

"சண்டை எதுக்கு ராணி? ஒரு போட்டி வைப்போம். இங்கிலீஷ்ல மூணு எழுத்து. அந்த மூணும் உள்ளுக்குள்ள வர்ற மாதிரி ஒரு சொல்லு சொல்லணும். யாரோட சொல்லு நீளமோ அவங்க ஜெயிச்சாங்க. தோத்தவங்களுக்குக் கம்பிளி."

"இங்கிலீஷா? நீங்க தொரைகூடவே பேசுறவரு. நான் எங்க போறது?"

"அதனால என்ன? எழுத்த நீயே சொல்லு."

என் பெருந்தன்மையைக் கண்டு நீங்கள் வியக்க வேண்டாம். சூழ்ச்சியே அதில்தான் இருக்கிறது. தோட்டத்தில் பிறந்தவர்களிடம் மூன்று இங்கிலீஷ் எழுத்து கேட்டால், டி, ஈ, ஏ. வேறு வராது. கண் விழித்த நாளிலிருந்து பெட்டியிலும் பலகையிலும் பார்த்த எழுத்துகள் ஆயிற்றே! இதை நம்பித்தான் நான் சொல் தேடினேன். முதலில் கிடைத்தது சூப்பரின்டென்டன்ட். பிரமாதமான நீளம். ஆனால் தலைகீழாக நின்று பார்த்தும் அதற்குள் ஏ இல்லை. பெரிய தொரையின் பதவிக்குள்ளேயே தேயிலை முழுசாக இல்லை என்பதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அப்புறம் போனில் தேடி, இன்னும் ஜோரான ஒன்றைப் பிடித்து நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன்.

"டி, ஈ, ஏ," என்றாள் ஜீவராணி.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நானே மொதல்ல சொல்லிடுறேங்க. பிளாங்கெட்."

விரல் விட்டு எண்ணினேன். ஏழு எழுத்து. மூன்றும் உள்ளே இருந்தன. பாவம், மனசெல்லாம் கம்பளியாகவே இருந்திருக்கிறது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றேன்.

"ரெப்ரசென்டேட்டிவ்! பதினாலு எழுத்து!"

சந்தேகம் வேண்டாம் என்று கலண்டர் தாளின் பின்னால் எழுதியும் காட்டினேன். அவள் அதை வாங்கி, நான் சாக்கைப் பார்ப்பது போலவே பார்த்தாள்.

"கழிவு போட்டீங்களா?"

"கழிவா? என்ன கழிவு?"

"மொதல்ல சாக்கு. டி, ஈ, ஏ நான் குடுத்த சாக்கு. அது கொழுந்தாகுமா? ரெண்டு பேருக்கும் மூணு கழிங்க. எனக்கு நாலு, உங்களுக்குப் பதினொண்ணு."

"கழிச்சுக்க. பதினொண்ணு பெருசுதானே?"

"அடுத்தது முத்தல். வந்த எழுத்தே திரும்பத் திரும்ப வருது பாருங்க. ஈ மட்டும் எத்தன தடவ! முத்தலுக்கு அஞ்சு. மிச்சம் ஆறு."

"ஆறும் பெருசுதான்!"

"பொறுங்க. தண்ணிக்கு இன்னும் கழிக்கல. ஒரு கெழமையா மடுவத்துல எடையச் சொல்லாம ரெப்ரசென்டேட்டிவ், ரெப்ரசென்டேட்டிவ்னு முணுமுணுத்தீங்க. உங்களுக்குப் பேய் பிடிச்சிருச்சுன்னு கொழுந்து நிறுக்க வந்த காளியாயி அக்கா பயந்துபோயிட்டாங்க. கொட்டுற மழையில மனப்பாடம் பண்ணின சொல்லு. தண்ணிக்கு மூணு."

"மூணா? இது அநியாயம்!"

"என்னது? கழிவு அநியாயமா? நாளைக்கு மடுவத்துல அப்படியே சொல்லட்டுங்களா? கணக்கப்பிள்ளையே சொன்னாருன்னு?"

அந்த ஒரு வார்த்தை வெளியே போனால், மலை முழுக்க அதையே பாட்டாகப் பாடும்.

"அநியாயம் இல்ல, அநியாயம் இல்ல. ஆனா உனக்கும் தண்ணிக்குக் கழிக்கணும்ல?"

"எனக்கு ஏன்? என் கம்பிளி இன்னும் நனையவே இல்லையேங்க. இனிமேத்தான் நீங்க நனைக்கப் போறீங்க."

மூன்றுக்கு நாலு. தோற்றேன். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இவ்வளவு கெட்டிக்காரி எனக்கு வாய்த்திருக்கிறாளே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. காட்டியிருந்தால் தலையணை உறைகளையும் மூட்டையில் சேர்த்திருப்பாள்.

என் கௌரவத்துக்கு ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. வெயில் நாள், ஞாயிற்றுக்கிழமை. பெண்கள் எல்லாம் கோயிலுக்கும் டவுனுக்கும் போயிருப்பார்கள். ஆள் வருவதற்குள் மிதித்து முடித்துவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. மூட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு, எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்பக்கமாக இறங்கிப் போனேன்.

பீலியில் தோட்டமே நின்றது. நான் நிறுத்துக் கழித்த அத்தனை பேரும் இருந்தார்கள். வரிசையாக வாளிகள் வேறு. எல்லாரும் என்னையும் மூட்டையையும் பார்த்தார்கள். நான் கணக்கப்பிள்ளைக் குரலை வரவழைத்துக்கொண்டு, "ஓ, கூட்டமா இருக்கா? சரி, சரி, இன்னொரு நாளைக்கு வாறேன்," என்று கம்பீரமாகத் திரும்பினேன்.

காளியாயி ஓடி வந்து என் கையிலிருந்த மூட்டையை வாங்கினாள்.

"எதுக்குங்க ஐயா திரும்புறீங்க? கம்பிளி மிதிக்க இன்னைக்கு நீங்கதான் வருவீங்கன்னு விடியுறப்பவே வந்து ஜீவராணி எடம் பிடிச்சு வச்சிட்டுப் போயிருச்சே, அந்தா, மொத வாளி உங்களுதுதான்!"