'மெயின்டனன்ஸ்' என்ற சொல்லில் பத்து வாக்கியங்கள்

கேளம்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஹரிப்ரியாவின் நமஸ்காரங்கள். நானும் இவரும் சௌக்கியம். நீங்களும் மன்னியும், மன்னியின் முழங்கால் நீங்கலாக, சௌக்கியம் என்று நம்புகிறேன். தை மாதம் பத்து நாள் எங்களோடு தங்கித் திருக்கடல்மல்லைப் பெருமாளைச் சேவிக்க வருவதாகச் சொன்னீர்கள். நாலாவது மாடிக்கு லிஃப்ட் ஓடுமா, குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்டீர்கள். ஓடும், வரும் என்றேன். ஃபோனில் சொல்வதெல்லாம் ஒரு பதிலா, எழுது என்றீர்கள். எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் ஓடுவதற்கும் தண்ணீர் மேலே ஏறுவதற்கும் ஒரே காரணம் கண்ணாயிரம். நெம்மேலிக்காரர், வயது ஐம்பத்திரண்டு. பதினொரு வருடமாக இங்கே மோட்டார், குழாய், ஒயரிங் எல்லாம் அவர் பொறுப்பு. மோட்டார் மக்கர் பண்ணினால் அதை எப்படிக் கிளப்புவது என்பது அவருக்கும் மோட்டாருக்கும் மட்டுமே தெரியும். போன மாதம் எங்கள் செக்ரட்டரி நரசிம்மன் சார், இந்த வேலைகளையெல்லாம் ஒரு கம்பெனியிடம் ஒப்படைக்கப்போவதாகவும், இப்போது இருக்கும் ஆட்களுக்குக் கம்பெனி ஒரு பரீட்சை வைக்கும் என்றும் அறிவித்தார். 'மெயின்டனன்ஸ்' என்ற சொல்லை வைத்து ஆங்கிலத்தில் பத்து வாக்கியம் எழுத வேண்டும். எழுதாதவருக்கு வேலை போய்விடும் என்று கீழே பேசிக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே கண்ணாயிரம் எங்கள் வீட்டு பெல்லை அடித்தார்.

"மேடம், பதினோரு வருசமா அத்த செஞ்சிகினு கீறேன். இப்ப அத்த எழுதணுமாம்" என்றார். அவர் மகள் சுஷ்மிதா நர்சிங் இரண்டாவது வருடம் படிக்கிறாள். இந்த வயதில் அவர் வேறு வேலைக்கு எங்கே போவார்? இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் புள்ளியியல் சொல்லித் தருகிறேனே தவிர, ஆங்கிலம் சொல்லித் தந்ததில்லை. பிறர் விஷயத்தில் தலையிடும் வழக்கமும் எனக்கு இல்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் அந்த மோட்டாரை நினைத்துச் சம்மதித்தேன். மனப்பாடம் வேண்டாம், தெரிந்ததை எழுதுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஒரு வாரம் கழித்துப் பத்து வாக்கியங்களையும் முழுத்தாளில் எழுதி, அடியில் கையெழுத்தும் தேதியும் போட்டு, என்னிடம் தரச் சொல்லி வாட்ச்மேன் திருவேங்கடத்திடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இங்கேதான் எங்கள் குடியிருப்பின் ஒரு பழக்கத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வாட்ச்மேன் மேஜைக்கு ஆங்கிலத்தில் எந்தத் தாள் வந்தாலும் அது லிஃப்டுக்குள் ஒட்டப்பட்டுவிடும். திருவேங்கடத்துக்கு ஆங்கிலம் என்றால் நோட்டீஸ். இரண்டாவது மாடி தேவசகாயத்தின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஒருமுறை இரண்டு நாள் அங்கே இருந்தது; அவருடைய சர்க்கரை அளவு எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கண்ணாயிரத்தின் தாளும் ஒட்டப்பட்டது. தமிழில் சொல்கிறேன். முதல் வாக்கியம்: லிஃப்டுக்கு மெயின்டனன்ஸ் நடந்து இருபது மாதம் ஆகிறது. இதை லிஃப்டுக்குள் நின்றபடி படிக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். நான்காவது: தண்ணீர்த் தொட்டிக்கு மெயின்டனன்ஸ் செய்யும்போது உள்ளே ஒரு செருப்பு கிடைத்தது. ஏழாவது: செக்ரட்டரி சார் மெயின்டனன்ஸ் புத்தகத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார், நல்ல மனிதர். பத்தாவது: மெயின்டனன்ஸ் இல்லாவிட்டாலும் கடவுள் இருக்கிறார். மத்தியானத்துக்குள் பாதிப் பேர் படியேறத் தொடங்கிவிட்டார்கள். யாரோ சிவப்பு மையால் இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தியிருந்தார்கள். நான்காவது வாக்கியத்துக்குப் பக்கத்தில் பென்சிலால், 'எந்தக் கால்?' என்று ஒரு கேள்வி.

நரசிம்மன் சார் கண்ணாயிரத்தையும் என்னையும் கூப்பிட்டு அனுப்பினார். பரீட்சை வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, இன்றே கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றார். கண்ணாயிரம் குரலை உயர்த்தவில்லை. "சார், அது நோட்டீஸ் இல்ல சார். பரீட்சைக்கு எழுதிப் பாத்தது. பத்துல எது பொய்யின்னு சொல்லுங்க, அடிச்சுடறேன்" என்றார். நரசிம்மன் சார் பேனாவை எடுத்தார். ஒன்றில் தொடங்கிப் பத்து வரைக்கும் போனார். பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். போகட்டும், பரீட்சையிலாவது கௌரவமான வாக்கியங்களாக எழுதட்டும் என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அப்போது எதிர்த்துப் பேசத் தைரியம் வரவில்லை. மாதந்தோறும் மெயின்டனன்ஸ் ஒழுங்காக நடக்கிறது என்கிற மாதிரி பத்து வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன். நாலு நாள் எழுதிப் பார்த்தும் ஒன்றுகூடப் பிழையில்லாமல் வரவில்லை. "மேடம், நெசம்னா தானா கைல வருது. பொய்க்கு ஸ்பெல்லிங் நிக்க மாட்டேன்னுது" என்றார். வருவதையே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

போன புதன்கிழமை பரீட்சை நடந்தது. கண்ணாயிரம் பத்துக்குப் பன்னிரண்டு எழுதினார். வாட்ச்மேன் என்ற முறையில் திருவேங்கடமும் உட்கார்ந்தார். பெயரை எழுதி, அதன் கீழ் அழகாகக் கோடு போட்டு, தாளைக் கொடுத்துவிட்டார். முடிவு நேற்று வந்தது. கண்ணாயிரம்தான் முதல். நரசிம்மன் சாரே கை கொடுத்தார். அதற்கு முன்பே, அந்தத் தாள் தந்த வெட்கத்தில், லிஃப்டுக்கு மெக்கானிக்கை வரவழைத்து, தொட்டியையும் கழுவ வைத்திருந்தார். இன்னொரு செருப்பும் கிடைத்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு எழுத்துமூலம் பதில்: லிஃப்ட் ஓடும், தண்ணீர் வரும், கண்ணாயிரம் இருப்பார். தைரியமாக டிக்கெட் போடுங்கள். மன்னிக்கு நமஸ்காரம், பேரக்குழந்தைகளுக்கு ஆசிகள். வரும்போது நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்தால் மறுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
ஹரிப்ரியா.

பி.கு.: கடிதத்தை உறையில் போடுவதற்குள் கம்பெனியின் உத்தரவு வந்துவிட்டது. பரீட்சை எதற்காக என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. வருடா வருடம் கேள்வித்தாள் தயாரிக்கும் நானும் கேட்கவில்லை. ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர்களை நாவலூரில் உள்ள பெரிய குடியிருப்புக்கு சூப்பர்வைசராக எடுத்துக்கொள்வார்களாம். தெரியாதவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்களாம். கண்ணாயிரம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மனைவியோடு வந்து மைசூர்பாகு கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், நாளைக் காலை அவர் நாவலூருக்குக் கிளம்பும் வரைக்கும். இனி எங்கள் மோட்டார், இருந்த இடத்திலேயே இருக்கப்போகிற திருவேங்கடத்தின் பொறுப்பு. இப்போதுதான் அவர் வந்து பெல்லை அடித்து, "யம்மா, மோட்டாருக்கு சுச்சு எங்க கீது?" என்று கேட்டார். அதைக் கேட்டு முடிக்கவே அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. நாலு மாடியும் படியேறி வந்திருந்தார்.