மேற்கு கேலரியைக் கொடுத்துவிட்டு வந்தவன்

கழுத்தில் விசில் மாட்டியிருப்பவனுக்குப் பயமே கிடையாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆறடி உயரமும் கொஞ்சம் மீசையும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வேலித் தகராறு என்றால்கூடச் சமாதானம் பேச நம்மைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு இவையெல்லாம் உண்டு. தைரியம் மட்டும் அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. சத்தம் போடுகிறவர்களை எப்படியாவது சமாளித்துவிடுவேன். மெதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

குலசேகரம் பக்கத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஒரு கல்லூரியில் நான் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்த புதிது. வேலை நிரந்தரமாகவில்லை. கல்யாணம் மட்டும் நிரந்தரமாகியிருந்தது. அந்த வருடம் பல்கலைக்கழகம் விளையாட்டு மண்டலங்களை மாற்றி அமைத்தது. அதுவரை மலையோரத்துச் சின்னக் கல்லூரிகளோடு ஆடி, கோப்பைகளை எங்களுக்குள்ளேயே பங்கு வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தோம். புதிய பிரிவினையில் எங்களைத் தூக்கிக் கடலோர மண்டலத்தில் போட்டுவிட்டார்கள். அங்கே ராஜா, கடற்கரைப் பக்கத்துப் பெரிய கல்லூரி ஒன்று. முன்பு அவர்களுக்கும் எங்களுக்கும் நடந்த ஒரு கால்பந்து ஆட்டத்தில் கோல் போஸ்டைப் பிடுங்கி அடித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். (பிடுங்கியது தாங்கள்தான் என்று இன்றுவரை இரண்டு தரப்பும் உரிமை கொண்டாடுகிறது.)

மண்டலப் போட்டி நடத்த வேண்டுமானால் நானூறு மீட்டர் ஓடுபாதையுள்ள மைதானம் வேண்டும் என்று கூடவே ஒரு நிபந்தனை. இரண்டு கல்லூரியிலும் அது இல்லை. தனித்தனியாகக் கட்ட வசதியும் இல்லை. அதனால் மண்டைக்காடு போகிற வழியில், பழைய மைதானம் ஒன்று கிடந்த இடத்தில், இரண்டு நிர்வாகமும் சேர்ந்து ஒரே ஸ்டேடியம் கட்டுவது என்று முடிவானது. அது எழும்பும்வரை பழைய மைதானத்தை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். மைதானத்தில் யாருக்கு எந்த நேரம், ஸ்டேடியத்தில் யாருக்கு எந்தப் பக்கம் என்று பேசி முடிக்க ஒரு கூட்டம் வைத்தார்கள்.

பேசப்போவது எங்கள் பிரின்சிபல் மேடம்; நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்ட வேண்டும். அதுதான் ஏற்பாடு. சாயங்காலப் பயிற்சி நேரத்தையும் மேற்கு கேலரியையும் மட்டும் எந்தக் காரணம் கொண்டும் விடக் கூடாது என்று மேடம் முந்தின நாளே சொல்லியிருந்தார். மேற்கில் உட்காருகிறவனுக்கு மாலை வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கிழக்கில் உட்காருகிறவன் ஆட்டம் முடியும்வரை நெற்றியில் கைவைத்துக்கொண்டே பார்க்க வேண்டும்.

கூட்டத்தன்று காலையில் மேடத்திடமிருந்து ஃபோன் வந்தது. மாமியார் வழுக்கி விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், நீங்களே போய்ப் பேசிவிடுங்கள் என்றார். பதற்றத்தில் சாயா சட்டையில் கொட்டியது. என் மனைவி ஷைனி வேறு சட்டை எடுத்துத் தந்தாள்.

"எதுக்கு இப்பிடி வெறைக்கிய? அவங்க என்ன, பிடிச்சுத் திங்கவா போறாங்க?"

அவள் அந்தக் கடற்கரைக் கல்லூரியின் தாளாளரைப் பார்த்ததில்லை. ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. ஒல்லியான மனிதர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் எதிரில் இருப்பவன் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்வான் என்று பேச்சு.

பெரிய மேசை. அதன் மேல் ஸ்டேடியத்தின் வரைபடம். அந்தப் பக்கம் அவரும் அவருடைய நிர்வாகக் குழுவும். இந்தப் பக்கம் நான் மட்டும். முந்திரிக்கொத்து வைத்தார்கள். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன்.

"தம்பி, மேற்கு கேலரியை நாங்க எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

மறுக்க நான் தயாராகத்தான் வந்திருந்தேன். பஸ்ஸில் வரும்போதே வாக்கியம் அமைத்து வைத்திருந்தேன். ஆனால் அவர் துணியால் கண்ணாடியின் ஒரு பக்கத்தைத் துடைத்து முடித்துவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போனார்.

"எடுத்துக்கிடுங்க சார்" என்று யாரோ சொன்னார்கள். அது நான்தான்.

அடுத்து சாயங்கால நேரத்தைக் கேட்டார். அதையும் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் என்னையே பார்த்தார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நானாகவே உடைமாற்றும் அறையில் பெரியதைக் கொடுத்தேன். தண்ணீர்க் குழாய் அவர்கள் பக்கமே இருக்கட்டும் என்றேன். வண்டி நிறுத்தும் இடத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, பெயர்ப்பலகையில் அவர்கள் பெயரே முதலில் வரட்டும் என்று ஆரம்பித்தபோது, அவர் கவலையோடு எழுந்து வந்து என் தோளைத் தொட்டார்.

"தம்பிக்கு உடம்புக்கு ஏதாவது செய்யுதா?"

திரும்பி வரும் பஸ்ஸில் மேடம் கூப்பிட்டார். என்ன ஆயிற்று என்று கேட்டார். எல்லாம் சுமுகமாக முடிந்தது என்றேன். அது பொய்யில்லை, அவ்வளவு சுமுகமாக ஒரு பேச்சுவார்த்தை இந்த மாவட்டத்திலேயே முடிந்திருக்காது. மறுநாள் காலை, பிள்ளைகள் எல்லோரும் கூடியிருந்த இடத்தில் மேடம் என்னைப் பாராட்டிப் பேசினார். கைதட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் என் முதுகில் விழுந்த மாதிரி இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நாளைக் கடத்தினேன். ஃபோன் அடித்தாலே பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன்.

அந்த வாரமே எங்கள் தடகள அணி சாயங்காலம் மைதானத்துக்குப் போனது. உள்ளே அவர்கள் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. இனி காலையில்தான் உங்களுக்கு, உங்கள் சாரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்றாராம். அணித் தலைவி ஜெனிஷா, எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள், மறுநாள் என் அறை வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பேச்சிப்பாறைப் பக்கம் வீடு. காலைப் பயிற்சிக்கு வந்து சேர அங்கிருந்து பஸ்ஸே கிடையாது. அணியில் பாதிப் பேருக்கு அதே கதைதான். ஓடுவதை விட்டுவிட வேண்டியதுதான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். அதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டாள்.

"சாரு எங்களுக்க சாரா, அவங்களுக்க சாரா?"

மேடத்துக்கும் விஷயம் போனது. அவர் திட்டவில்லை. மெதுவாகப் பேசினார். (எனக்கு மெதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எப்படி என்று சொன்னேனல்லவா?) கொடுத்தவரே போய் வாங்கிக்கொண்டு வரட்டும், அப்புறம் வேலையைப் பற்றிப் பேசலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாளாளர் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் தாண்டிப் போவதும், திரும்பி வருவதும், மறுபடி தாண்டிப் போவதுமாக இருந்ததில் எதிர்வீட்டுக்காரர் திருட்டுப்பயலோ என்று வெளியே வந்து பார்த்தார். அவருக்குப் பயந்துதான் உள்ளேயே நுழைந்தேன். கதவைத் திறந்தவர் தாளாளர்தான். தானும் உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் மிச்சமிருப்பதையும் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று தோன்றியதால் நின்றுகொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

பயம் வந்தால் விசிலைப் பல்லில் கடித்துக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு. கடித்தேன். தைரியத்துக்காக மூச்சை இழுத்து, விட்டேன். அந்தச் சின்ன ஹாலில் அது ஃபைனல் மேட்ச் முடிந்த மாதிரி அலறியது. உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. அவருடைய மனைவி ஓடிவந்தார். போலீசில் இத்தனை வருடம் இருந்த மனிதர் விறைப்பாக எழுந்து நின்றுவிட்டார். விசில் வாயிலிருந்து விழுந்த வேகத்தில் எனக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. ஜெனிஷா, பஸ், காலை நேரம், என் வேலை, ஒன்றையும் விடவில்லை. குரல் வேறு உடைந்து பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வந்தது.

அவர் உட்கார்ந்து ரொம்ப நேரம் சிரித்தார். சிரிக்கும்போதும் சத்தம் வரவில்லை.

"ஓய், முழுசையும் கேட்டாத்தான் பாதியாவது தருவீருன்னு கேட்டேன். நீரு தண்ணிக் குழாயையும் சேத்துத் தந்துட்டுப் போயிட்டீரு. இதுல என்ன சதியோன்னு எனக்கு இந்த ஒரு வாரமா தூக்கம் இல்ல."

அவரும் பயந்திருக்கிறார் என்பதே எனக்குப் பாதி உயிரைத் திருப்பித் தந்தது. சாயங்காலங்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். உடைமாற்றும் அறை, குழாய் எல்லாம் திரும்பி வந்தன. மேற்கு கேலரியை மட்டும் தர மாட்டேன் என்றார். குழுவில் பெருமையாகச் சொல்லிவிட்டாராம். அதை வற்புறுத்திக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் கை கண்ணாடிக்குப் போனது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜெனிஷா அந்த வருடம் மண்டலத்தில் இரண்டாவதாக வந்தாள். என் வேலையும் தப்பியது. ஸ்டேடியம்தான் வரவில்லை. அளந்து கல் நட்டார்கள், அதோடு சரி. இரண்டு வருடம் கழித்துப் பல்கலைக்கழகம் மறுபடியும் மண்டலங்களை மாற்றி எங்களைப் பழையபடி மலையோரத்துக்கே அனுப்பிவிட்டது. நான் விட்டுக்கொடுத்த மேற்கு கேலரி இருக்க வேண்டிய இடத்தில் இப்போது ஆடு மேய்கிறது.

எங்கள் வீட்டில் மட்டும் அந்தக் கேலரி இன்னும் நிற்கிறது. பொரித்த மீனில் என் பங்கை என் மகள் எடுக்கும்போது, "கேட்டுட்டு எடு மக்கா. அப்பா மேற்கு கேலரியையே குடுத்த ஆளாக்கும், தந்திருவாரு" என்பாள் ஷைனி.

போன மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணம். ஃபேனுக்கு நேர் கீழே இரண்டு நாற்காலி பிடித்து நானும் ஷைனியும் உட்கார்ந்திருந்தோம். தோளில் ஒரு கை விழுந்தது. தாளாளர். நன்றாக வயதாகிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"தம்பி, இங்க கொஞ்சம் இருக்கட்டா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் எழுந்துவிட்டேன். அவர் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். நான் ஷைனியையும் எழுப்பி, அந்த நாற்காலியையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.